பழைய பிக்கப்பும் 70 வளைவும்: கிளம்பும் முன் அக்கா சொல்வதைக் கேள்

காளப்பநாயக்கன்பட்டிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வண்டியைச் சோதித்துப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். ஊரைத் தாண்டிக் காரவள்ளி போனால் கொல்லிமலை ஏற்றம் ஆரம்பம். செம்மேடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டில் 20, திம்பத்தில் 27, வால்பாறையில் 40 என்று மற்ற மலைகளின் கணக்கே வேறு. நம் மலை ஒன்று போதும், எந்த வண்டியின் வண்டவாளமும் தண்டவாளம் ஏறிவிடும்.

இப்போது நிறையப் பேருக்கு ஒரே ஆசை. பழைய பொலிரோ பிக்கப்போ டாடா 207-ஓ வாங்கி, பின்னால் படுக்கை போட்டு, அடுப்பு வைத்து, நாடு சுற்ற வேண்டும். ஆசை நல்லதுதான். ஆனால் கையிலிருக்கும் காசு முழுவதும் முன்னால் மாட்டும் விளக்குக்கும், மேலே மாட்டும் கேரியருக்கும், ஸ்டிக்கருக்கும் போய்விடுகிறது. பிரேக் லைனர் மட்டும் பழையது. டயர் மொட்டை. இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இது நமக்குப் புது விஷயமே இல்லை கண்ணு. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களும் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து, வடக்கே போய் வருகிறவர்கள்தான். ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை நாமக்கல் வழியாகத்தான் போகிறது. அவர்கள் எதற்குக் காசு செலவழிக்கிறார்கள், எதற்குச் செலவழிப்பதில்லை என்று கவனி. வண்டி முதலில் ஒழுங்காக நிற்க வேண்டும். அடுத்து, சூடேறாமல் ஓட வேண்டும். அதற்கப்புறம் படுக்கை. அழகு கடைசி. இந்த வரிசையை மாற்றாதே. மாற்றினால் காசும் போகும், வண்டியும் நடுவழியில் நிற்கும்.

உனக்கு நேரம் இல்லை, எனக்குப் பொறுமை இல்லை. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

வாங்கும் முன்

1. மஞ்சள் போர்டா, வெள்ளை போர்டா என்று கேள். பெரும்பாலான பிக்கப் சரக்கு வண்டியாகத்தான் பதிவாகியிருக்கும். அதற்கு முதல் 8 வருஷம் 2 வருஷத்துக்கு ஒரு முறை எஃப்சி (தகுதிச் சான்று), அதன் பிறகு வருஷா வருஷம். மாநிலம் தாண்டப் பர்மிட்டும் பார்க்க வேண்டும். வெள்ளை போர்டு என்றால் 15 வருஷம் வரை தொல்லை இல்லை. அதற்கு மேல் 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பு, கூடவே பசுமை வரி. 2016-இல் வந்த இசுசு வி-கிராஸ் போன்றவை சொந்த உபயோகத்துக்குப் பதிவாகும், ஆனால் பழையதுகூட மலிவாகக் கிடைக்காது. எது வாங்கினாலும் வருஷத்துக்கு ஆகும் பேப்பர் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசு.

2. பேப்பரை நீயே படி. ஆர்சியில் இருக்கும் சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியோடு ஒத்துப் பார். ஃபைனான்ஸ் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. என்ஓசியும் ஃபார்ம் 35-உம் கையில் வர வேண்டும். பெயர் மாற்ற ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கு. கட்டாத இ-சலான் இருக்கிறதா என்று போனிலேயே பார்த்துவிடலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுத்தாயானால் அப்புறம் என்னிடம் அழாதே.

3. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போ. விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வா. பானட்டைத் தொட்டால் தெரிந்துவிடும். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று சந்தேகப்படு. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார். குபுகுபு என்று புகை தள்ளினால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

4. அடியில் படுத்துப் பார். சட்டை அழுக்காகும், பரவாயில்லை. சேஸில் துரு, வெல்டிங் தழும்பு, பட்டா (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். அடிப்பக்கம் மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

5. 4 வீல் டிரைவ் தேடி அலையாதே. கொல்லிமலைக்கு ஏறும் பஸ்ஸும் வாழை, பலா இறக்கும் லோடு வண்டியும் பின்சக்கரத்தால்தான் ஏறுகின்றன. பழைய 4 வீல் டிரைவ் வாங்கினால் அந்தக் கியர்பாக்ஸைச் சரிசெய்யவே உன் பட்ஜெட் தீரும்.

6. எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும் வண்டியாக வாங்கு. மஹிந்திரா, டாடா சரக்கு வண்டிகளுக்குச் சின்ன ஊர்க் கடையில்கூடக் கிளட்ச் பிளேட் கிடைக்கும், மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். அபூர்வ வண்டி வாங்கிவிட்டு மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஹோஸுக்காகக் காத்துக் கிடக்காதே.

சட்டம் தெரியாமல் கை வைக்காதே

7. வெல்டிங் வைக்கும் முன் யோசி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்கிறது. அந்த வருஷம் ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் பிரிவு 52-இன் தடையை உறுதியாகச் சொல்லிவிட்டது. வண்டியைத் தூக்கி உயர்த்துவது, அளவு மீறிய டயர், நிறம் மாற்றம், நிரந்தரமாகக் கட்டிய கூடு, இதெல்லாம் ஆர்டிஓ அனுமதி இல்லாமல் வேண்டாம். கழற்றி மாட்டக்கூடிய படுக்கையும் தார்ப்பாய்ச் சட்டமும் வைத்தால் தலைவலி குறைவு. எஃப்சி அன்று இறக்கி வைத்துவிடலாம்.

8. முன்னால் புல் பார் மாட்டாதே. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டது. காரணமும் நியாயமானது. நடந்து போகிறவர் மீது இடித்தால் உயிர் போகும், உன் வண்டியில் ஏர்பேக் இருந்தால் அதன் வேலையையும் கெடுக்கும்.

9. பின்னால் படுக்கை போட்டாய் என்பதற்காக ஓடும்போது ஆளை ஏற்றாதே. சரக்கு வண்டியின் பின்பக்கம் பயணிகளுக்கு அல்ல. படுக்கை, வண்டி நின்ற பிறகு. குழந்தைகள் கெஞ்சினாலும் இல்லை என்றால் இல்லைதான்.

10. செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில் சொல்லிவிடு. மறைத்துவிட்டு விபத்தானால், க்ளெய்ம் கேட்கும்போது அவர் கையை விரித்துவிடுவார்.

11. வடக்கே போவதென்றால் டில்லி விதியைப் பார்த்துவிட்டுப் போ. 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கு அங்கே 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. விதி மாறி மாறி வருகிறது. கிளம்பும் வாரத்தில் பார், சந்தேகம் இருந்தால் டில்லியைச் சுற்றிக்கொண்டு போ.

காசை எப்படிப் பிரிப்பது

12. வண்டி விலை போக, சரிசெய்ய 100 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள். 30 பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும். 25 டயருக்கு. 15 ரேடியேட்டர், பெல்ட், ஹோஸ். 10 பட்டா, புஷ், ஷாக் அப்சார்பர். 5 மின்சாரம். 5 படுக்கை, சமையல். மிச்சம் 10-ஐத் தொடாதே. வழியில் உடையப் போகும் ஏதோ ஒன்றுக்கு அது.

சாமான் வாங்கி மாட்டுவதற்கு முன், இருப்பதைச் சரிசெய்வதே பெரிய அப்கிரேட். அதைப் படம் எடுத்து யாருக்கும் காட்ட முடியாது என்பதால் அதற்குச் செலவு செய்ய மனம் வருவதில்லை. மனத்தை மாற்றிக்கொள்.

பிரேக்கும் ஸ்டியரிங்கும்

13. பிரேக் ஆயிலை முதல் வேலையாக மாற்று, பிறகு 2 வருஷத்துக்கு ஒரு முறை. பிரேக் ஆயில், திறந்து வைத்த அப்பளம் மாதிரி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மலை இறங்கும்போது அந்தச் சூடு வந்துவிட்டால் ஆயில் ஆவியாகும், மிதித்தால் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது.

14. நான்கு சக்கரத்தையும் கழற்றச் சொல். முன்னால் பேட், பின்னால் லைனர், வீல் சிலிண்டரில் கசிவு, ரப்பர் ஹோஸில் வெடிப்பு எல்லாவற்றையும் கூட நின்று பார். ஹேண்ட் பிரேக் ஏற்றத்தில் பிடிக்கிறதா என்று காரவள்ளிப் பக்கம் நிறுத்திப் பார். சமதரையில் எல்லா ஹேண்ட் பிரேக்கும் பிடிக்கும்.

15. ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தால் டை ராட் முனை, கிங் பின் அல்லது பால் ஜாயின்ட், எதுவென்று கண்டுபிடித்து மாற்று. கிரீஸ் அடித்துச் சமாளித்துவிடலாம் என்று சொல்கிற மெக்கானிக்கை மாற்று.

டயர்

16. டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 3221 என்றால் 2021-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் செய்தது. கட்டை நன்றாக இருந்தாலும் 6 வருஷம் தாண்டினால் ரப்பர் இறுகிவிடும், மழையில் வழுக்கும். டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. மலைக்குப் போகிறவள் அதுவரை காத்திருக்காதே, 3 இருக்கும்போதே மாற்று.

17. நாமக்கல்லில் ரீட்ரேடிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் முன்சக்கரத்துக்கு ரீட்ரேட் போடாதே. முன்டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் இருக்காது.

18. கம்பெனி சொன்ன அளவிலேயே டயர் போடு. பெரிய டயர் போட்டால் கியர் விகிதம் கெட்டு ஏற்றத்தில் இழுக்காது, பிரேக்குக்கும் வேலை கூடும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். ஸ்டெப்னியும் அதே அளவில், காற்றோடு. ஸ்டெப்னியில் காற்று பார்க்காதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல் போதாது.

19. காலி வண்டிக்கு ஒரு காற்று அளவு, லோடுக்கு ஒரு அளவு. கதவோரத்து ஸ்டிக்கரிலோ புத்தகத்திலோ இரண்டும் இருக்கும். லோடுக்கு வைத்த காற்றோடு காலியாக ஓட்டினால் பின்பக்கம் துள்ளும், ஈரச் சாலையில் வாலை ஆட்டும்.

சூடேறாமல் பார்த்துக்கொள்

20. ரேடியேட்டரை இறக்கிச் சுத்தம் பண்ணு. தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டிய பழைய வண்டிக்குள் சுண்ணாம்பும் துருவும் அடைத்திருக்கும். பிறகு கூலண்டும் சுத்த நீரும் சரிபாதி கலந்து ஊற்று. ஃபேன் பெல்ட், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ரேடியேட்டர் மூடி நான்கையும் ஒரேயடியாக மாற்று. கழற்றிய நல்ல பெல்ட்டைத் தூக்கி எறியாதே, அவசரத்துக்கு ஆகும்.

21. சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்வார்கள். வேண்டாம். கோளாறு என்றால் புதியது போடு. அது இல்லாவிட்டால் மலை மேல் குளிரில் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமல் டீசலைக் குடிக்கும்.

22. முள் சிவப்புக்குப் போனால் ஓரமாக நிறுத்து. மூடியை உடனே திறக்காதே. கொதி தண்ணீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரம் டீ குடி, அப்புறம் துணி போட்டு மெதுவாகத் திற.

எடையும் பட்டாவும்

23. ஆர்சியில் மொத்த எடை, காலி எடை என்று இரண்டு எண் இருக்கும். கழித்தால் வருவதுதான் உன் அளவு, ஆட்களையும் சேர்த்து. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. இரண்டு குடம் தண்ணீர், இரும்புக் கேரியர், தேக்குப் பலகை என்று சேர்த்தால் கணக்குத் தப்பிவிடும்.

24. பட்டாவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். லாரிக்காரர் கூட்டினார் என்றால் அவர் டன் கணக்கில் ஏற்றுகிறார். நீ ஏற்றப் போவது மெத்தையும் பாத்திரமும். நடு போல்ட், யூ போல்ட், புஷ் மூன்றையும் சரிபார்த்தால் போதும்.

25. கனமானது எல்லாம் கீழே, பின் அச்சுக்கு முன்னால். கூரை மேல் போர்வை, தார்ப்பாய் தவிர வேறெதுவும் வைக்காதே. உயரத்தில் எடை இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும், 70 தடவை சாய்ந்தால் உனக்கே பயம் வந்துவிடும்.

26. கூட்டுச் சட்டம் வேண்டுமென்றால் நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போ. கை தேர்ந்தவர்கள். ஆனால் அவர்களுக்கு லாரி கட்டித்தான் பழக்கம், சொல்லாவிட்டால் கனமான ஆங்கிளில் கோட்டை கட்டிவிடுவார்கள். மெல்லிய சதுரக் குழாய், போல்ட் மாட்டல், மேலே தார்ப்பாய், சுற்றிலும் கொக்கி. இவ்வளவுதான் என்று தாளில் வரைந்து கொடு.

மின்சாரம்

27. ஃப்ரிட்ஜ் ஆசையை விடு. கணக்குச் சொல்கிறேன். 45 வாட் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் பாதி நேரம் ஓடினாலே ஒரு நாளைக்கு 45 ஆம்பியர்-மணி தின்னும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி பண்ணினால் சீக்கிரம் செத்துப்போகும். ஆக, அவ்வளவு பெரிய பேட்டரியே ஒரு நாளுக்குத்தான். ஒரு நல்ல ஐஸ் பெட்டி வாங்கு. மீன், கறி அன்றன்றைக்கு வாங்கிச் சமை.

28. ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் விளக்குக்கும் போனுக்கும் சின்ன இரண்டாவது பேட்டரி போதும். இன்ஜின் ஓடும்போது மட்டும் சார்ஜ் ஏறும்படி ரிலே வை. இல்லாவிட்டால் ராத்திரி பாட்டுக் கேட்டதற்குக் காலையில் ஊரையே கூப்பிட்டு வண்டியைத் தள்ள வேண்டும்.

29. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வயர் தகடு ஓரத்தில் உரசாமல் குழாய்க்குள் போக வேண்டும். வண்டி தீப்பிடிப்பதற்கு இந்த இரண்டு அலட்சியம் போதும். 2 கிலோ பவுடர் தீயணைப்பானை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வை, சாமானுக்கு அடியில் அல்ல.

30. கூரை மேல் வரிசை விளக்கு வேண்டாம். எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்கி அவரை உன் மேலேயே மோதவிடும். இருக்கும் ஹெட்லைட்டின் கண்ணாடியைத் துடைத்து, ரிலே போட்டு, உயரத்தைச் சரிசெய். அதுவே பளிச்சென்று எரியும்.

படுக்கையும் அடுப்பும்

31. மர அலமாரி, இழுப்பறை எல்லாம் வேண்டாம். ஒரே அளவில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் 6 வாங்கி, அவற்றின் மேல் பிளைவுட் பலகை போடு. கீழே சாமான், மேலே படுக்கை. மெத்தை கனமாக இருந்தால் மழையில் ஊறி நாறும். பவானி ஜமக்காளம் ஒன்று, மெல்லிய ஃபோம் ஒன்று போதும். கரூரில் கொசுவலை மலிவாகக் கிடைக்கும், கூட்டுக் கொக்கியிலேயே கட்டிவிடலாம்.

32. காற்றோட்டம் இல்லாமல் தூங்காதே. தார்ப்பாயை முழுக்க இறுக்கி மூடிவிட்டு உள்ளே அடுப்பு எரிப்பதும், ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுப் படுப்பதும் உயிருக்கு உலை. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. இருபுறமும் ஒரு கை அளவு திறப்பு எப்போதும் இருக்கட்டும். சமையல் எப்போதும் வெளியே.

33. 5 கிலோ சின்ன சிலிண்டர் போதும். நிமிர்த்தி வைத்துப் பட்டையால் கட்டு. ஓடும்போது ரெகுலேட்டர் கழன்றிருக்க வேண்டும். இன்டக்ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர் என்று கனவு காணாதே. 1,000 வாட்டுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சாதம் வேகும் முன் பேட்டரி வெந்துவிடும்.

34. அரிசியும் பருப்பும் கிளம்பும் முன்பே ஒரு வேளை அளவாகப் பொட்டலம் கட்டிவிடு. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய் மூன்றும் இருந்தால் எந்த ஊரிலும் பசி தெரியாது. பிளாஸ்டிக் பையில் கட்டாதே. 2019 ஜனவரியிலிருந்து இங்கே தடை, மலையில் போட்டால் குரங்கு தின்கிறது.

மலையில் ஓட்டும் முறை

35. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு. 2-ஆவது என்றால் 2-ஆவதுதான். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அவ்வப்போது மிதித்து விட்டால் போதும். மிதித்த கால் எடுக்காமல் இறங்கினால் லைனர் கருகும்.

36. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைப்பதும் பைத்தியக்காரத்தனம். இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் பூஸ்டர் உதவி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

37. வளைவுக்குள் போய்க் கியர் மாற்றாதே. வளைவுக்கு முன்பே இறக்கு, ஹார்ன் அடி, அப்புறம் திரும்பு. கிளட்ச்சில் கால் வைத்துத் தொங்காதே. ஏறும் வண்டிக்கு வழிவிடு. 2017 ஓட்டுநர் விதிகளும் அதைத்தான் சொல்கின்றன, நம் ஊர் மரியாதையும் அதுதான்.

38. கருகல் வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுக்கு. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதே, வெடிப்பு விழும். தானாக ஆறட்டும்.

சோதனை ஓட்டம்

39. முழு லோடோடு, தண்ணீர், சிலிண்டர், ஆட்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை ஏறு. கீழேயே டீசல் நிரப்பிக்கொள். செம்மேட்டில் நிறுத்தி அடியில் குனிந்து பார்: ஆயில் சொட்டுகிறதா, கூலண்ட் குறைந்ததா, நட்டு தளர்ந்ததா? சோளக்காட்டுச் சந்தையில் பழம் வாங்கு, அன்றிரவு அனுமதி வாங்கிய இடத்தில் வண்டியிலேயே படு. எது இல்லாமல் தவித்தாய், எதைத் தொடவே இல்லை என்று காலையில் எழுது. தொடாததை வீட்டில் இறக்கிவிடு.

40. ஆடி 18-ஐ ஒட்டி இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளாதே. வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் கூட்டம் அலைமோதும், வளைவில் நின்று நின்றே கிளட்ச் போய்விடும். பெருமழை நாளும் வேண்டாம், மண் சரியும்.

41. ஏறியது காரவள்ளி வழி என்றால் இறங்கும்போது முள்ளுக்குறிச்சி வழியையும் ஒரு முறை பார். இரண்டு விதமான சாலையும் பழகும். அடுத்து ஏற்காடு, அதற்கடுத்து வால்பாறை, அப்புறம் மாநிலம் தாண்டலாம். லடாக் கடைசி. கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர்தான். கர்துங் லா 5,300 மீட்டருக்கும் மேலே. அங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்டப் பாதி. டர்போ இல்லாத பழைய இன்ஜின் மூச்சு வாங்கும், நீயும் வாங்குவாய்.

42. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் தங்குவது குற்றம், யானைக்கும் பிடிக்காது. நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக நிற்கும் பெரிய பங்க், வெளிச்சமான இடம், கேட்டுவிட்டு நிறுத்து. பெண்கள் மட்டும் போனால் இருட்டுவதற்கு 1 மணி நேரம் முன்பே இடம் பிடித்துவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

43. பட்டியல் சின்னதுதான்: ஜாக்கி, அதன் கீழ் வைக்கத் தடித்த பலகை, வீல் ஸ்பேனர், சக்கரத்துக்கு முட்டு இரண்டு, பஞ்சர் கிட், காற்றுப் பம்ப், இழுக்கும் பட்டை, மண்வெட்டி, டார்ச், ஃபியூஸ், இன்சுலேஷன் டேப், கம்பி, ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில் சீல் உடைக்காதது, 5 லிட்டர் தண்ணீர், முதலுதவிப் பெட்டி. இழுக்கும் பட்டையைப் பம்பரில் கட்டாதே, சேஸ் கொக்கியில் கட்டு. மற்றதெல்லாம் வழியில் வாங்கிக்கொள்ளலாம்.

44. ஸ்டெப்னி மாற்ற உனக்குத் தெரியுமா? தெரியாதென்றால் கிளம்பாதே. வீட்டு வாசலில் ஒரு தடவை நீயே கழற்றி மாட்டு. பஞ்சர் கடைக்காரர் மெஷினால் முறுக்கிய நட்டு உன் ஸ்பேனருக்கு அசைகிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

45. 108 ஆம்புலன்ஸ், 1033 தேசிய நெடுஞ்சாலை உதவி. இரண்டையும் டேஷ்போர்டில் எழுதி ஒட்டு. எந்த வழி, எந்த ஊரில் தங்கல் என்று தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடு. தினமும் இருட்டும் முன் ஒரு போன். சிக்னல் இல்லாத இடம் என்றால் போவதற்கு முன்பே சொல்லிவிட்டுப் போ. சொல்லாமல் ஒரு ராத்திரி போன் வரவில்லையென்றால், திரும்பி வந்ததும் முதலில் சாவியை வாங்கி நான் வைத்துக்கொள்வேன்.